ஏறத் தெரிந்தவர்களும் ஏற அழைக்கப்பட்டவர்களும்

வீராம்பட்டினத்தில் பாறை கிடையாது. புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடும் இடத்தை ஒட்டிய மீனவர் ஊர் அது. மணல், தென்னை, ஆற்றுக் களிமண், கடல். பக்கத்து அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை ழான் மரி கசாலும் அகழ்ந்தபோது கிடைத்தவை செங்கற் சுவர்கள், மணிகள், மட்கலங்கள். (கசால் 1949இல் பாரிசில் வெளியிட்ட நூலின் தலைப்பில் வீராம்பட்டினத்தின் பெயர்தான் முதலில் வருகிறது, அரிக்கமேடு பிறகே. ஊர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது.) மலைப்பாறை என்று ஒன்றைக் காண வேண்டுமென்றால் மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்று செஞ்சியைத்தான் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட கரையிலிருந்துகொண்டு பாறையேற்றத்தைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். காரணம் ஒரு படகுப் போட்டி. இங்கிலாந்தில் தேம்ஸ் நதியில் நடக்கும் ஹென்லி படகுப் போட்டியின் நிர்வாகிகள் 1879இல் ஒரு விதி எழுதினார்கள். யார் விளையாட்டு வீரர் என்பதற்கான வரையறை அது. கூலிக்குக் கைத்தொழில் செய்கிறவர், கம்மியர், உடலுழைப்பாளி ஆகியோர் போட்டியிட முடியாது. படகு சார்ந்த வேலையைக் காசுக்குச் செய்தவரும் கூடாது. துடுப்பு யாருடைய கையில் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அவரைத் துடுப்புப் போட்டியிலிருந்து விலக்கும் விதி! வீராம்பட்டினத்து மீனவர் ஒருவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஆனால் 1937 வரை அங்கே யாரும் இதைச் சிரித்துத் தள்ளவில்லை. அந்த ஆண்டுதான் உடலுழைப்பாளரை விலக்கிய பகுதி நீக்கப்பட்டது.

பாறையேற்றத்தின் வரலாற்றை நான் இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்கிறேன். பெண்களும் ஏழைகளும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மாற்றுத்திறனாளிகளும் பாறைக்கு வர வேண்டும், அவர்களை வரவேற்க வேண்டும் என்ற பேச்சு அண்மைக் காலத்தில் உலகெங்கும் கேட்கிறது. நல்ல பேச்சுதான். ஆனால் அதற்குள் ஒரு தவறான நினைப்பு ஒளிந்திருக்கிறது. இவர்கள் பாறையை அறியாதவர்கள், நாம்தான் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும் என்ற நினைப்பு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஏறத் தெரிந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். ஏறியவர் என்ற பட்டியலில் அவர்கள் பெயர் எழுதப்படவில்லை, அவ்வளவே.

சங்க நூல்களில் மால்பு என்றொரு சொல் வருகிறது. கணுக்களையே படியாகக் கொண்ட மூங்கில் ஏணி அது. கண்ணேணி என்று உரை சொல்வார்கள். குரங்கும் ஏறமுடியாமல் கைவிட்ட செங்குத்துப் பாறையில் மால்பை வழியாக நாட்டித் தேனெடுத்த மலைவாணரை மலைபடுகடாம் காட்டுகிறது. புறநானூற்றில் கபிலர் பாரியின் மலையைச் சொல்லும் இடத்திலும் இந்த மால்பு தலைகாட்டுகிறது. அது இல்லாத நெடுவரையைக் கற்பனை செய்யவே அக்காலத்தவர்க்கு இயலவில்லை போலும். நீலகிரிக் குறும்பர்கள் கொடியைத் திரித்து ஏணியாக்கிப் பாறைமுகத்தில் தொங்கித் தேனெடுப்பது இருபதாம் நூற்றாண்டைக் கடந்தும் வந்த வழக்கம். கயிற்றின் மேல்தலைப்பைக் காக்கும் பொறுப்பு மைத்துனனுக்கு உரியது என்ற மரபும் அப்பகுதித் தேனெடுப்போரிடையே பதிவாகியிருக்கிறது. தன் தங்கையின் தாலியைக் காக்கிறவன் கயிற்றை விடமாட்டான் என்பது அதன் தருக்கமாக இருக்கலாம். ஒருவர் ஏற, மற்றவர் அவருடைய கயிற்றைக் காப்பது என்பதுதான் இன்றைய பாறையேற்றத்தின் அடிப்படை இலக்கணம். அந்த இலக்கணத்தை ஆல்ப்ஸிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய தேவை நீலகிரிக்கு இருக்கவில்லை.

செஞ்சிக்கு வருவோம். இந்தக் கரைக்கும் அந்தப் பாறைக்கும் உள்ள உறவு ரத்தத்தில் தோய்ந்தது. 1750 செப்டம்பரில் தூப்ளேயின் படைத்தலைவர் புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைத் தாக்கினார். கீழ்க்கோட்டையின் வாயிலை வெடிவைத்துத் தகர்த்தபின், அவருடைய ஆட்கள் இருட்டில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்று குன்றுகளிலும் ஏறினார்கள். விடியும்போது கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம். ராஜகிரியைப் பகல் வெளிச்சத்தில், படிகளின் மீது, கையில் தண்ணீர்ப் புட்டியோடு ஏறியவர்களுக்கே முழங்கால் சொல்லும். ஏறத்தாழ 800 அடி. உச்சிக்கு முன்னால் ஆழமான பிளவு, அதன்மேல் பாலம். மேலிருந்து சுடுகிறவர்கள் இருக்க, இருளில் ஏறுவது எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் பணியும்வரை செஞ்சி பிரெஞ்சுக்காரரிடமே இருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியே விழுந்துவிட்டது. அதன்பின்னும் பாறை மூன்று மாதம் தாக்குப்பிடித்தது.

அன்றிரவு ஏறிய படையில் ஐரோப்பியரைவிடப் பல மடங்கு பேர் நம் நாட்டுச் சிப்பாய்கள். புஸ்ஸிக்குப் புதுச்சேரியில் ஒரு வீதி கிடைத்தது. லால்பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர் மாற்றியபின்னும் ஊர் அதைப் புஸ்ஸி வீதி என்றே அழைக்கிறது. சிப்பாய்களுக்கு வீதி கிடைக்காதது இருக்கட்டும், வரலாற்று நூல்களில் ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. எண்ணிக்கையாக மட்டுமே நிற்கிறார்கள்.

ஆங்கிலேயர் பக்கமும் கதை இதுவே. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, இந்தியாவை முக்கோணங்களால் அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள கோணமானியைக் குன்றுதோறும் உச்சிக்கு ஏற்ற வேண்டும். குன்றில்லாத சமவெளியில் கோபுரங்களே குன்றுகள். 1808இல் தஞ்சையில் அந்தக் கருவியைக் கோயிலின் உயரத்துக்குத் தூக்கும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் தாமே பல வாரம் உழைத்து அதைச் செப்பனிட்டார் என்பது அளவைத்துறையின் புகழ்பெற்ற கதை. அந்தக் கயிற்றை இழுத்தவர்கள் யார் என்பது கதையில் இல்லை.

இதே துறையின் வரலாற்றில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. எனக்கு இந்தப் பொருளில் எழுத வேண்டும் என்ற உந்துதலைத் தந்ததே அதுதான். 1860இல் ஸ்பிட்டிப் பகுதியில் ஷில்லா என்ற சிகரத்தின் மேல் ஓர் அளவைக்கம்பத்தை நட வேண்டியிருந்தது. ஒரு கலாசி கம்பத்தைச் சுமந்துகொண்டு ஏறினார், நட்டார், இறங்கினார். சிகரத்தின் உயரம் 23,000 அடிக்கு மேல், அதாவது 7,000 மீட்டருக்கும் அதிகம், என்று அன்று கணக்கிடப்பட்டிருந்தது. ஆகவே மனிதன் ஏறிய மிக உயர்ந்த சிகரம் என்ற இடம் பல பத்தாண்டுகள் ஷில்லாவுக்கே இருந்தது. பிற்கால அளவைகள் அதை 6,100 மீட்டர் அளவுக்குக் குறைத்துவிட்டன. இது நடந்தபோது லண்டன் ஆல்பைன் கழகம் தொடங்கி மூன்றே ஆண்டுகள். கனவான்கள் கூடி விருந்துண்டு, தாம் ஏறிய மலைகளைப் பற்றிக் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்த காலம். உலகச் சாதனை எனக் கருதப்பட்ட ஏற்றத்தைச் செய்தவர் மாதச் சம்பளத்துக்குக் கம்பம் சுமந்த ஒருவர். அவர் பெயரைக் குறித்துவைக்க அளவைத்துறையில் எவருக்கும் தோன்றவில்லை. சிகரத்தின் உயரத்தை அடிக்கணக்கில் எழுதியவர்களுக்கு நான்கெழுத்துப் பெயர் ஒன்றை எழுத மை இல்லாமல் போயிற்று.

இங்கே இரண்டு வகை ஏற்றம் பிரிந்துவிடுவதைக் காணலாம். கூலிக்கு ஏறினால் வேலை. பொழுதுக்கு ஏறினால் சாதனை. ஹென்லி விதியைப் போல இதை வெளிப்படையாக எழுதத் தேவையே இருக்கவில்லை.

பெண்களுக்கு இதே கதவு வேறு வகையில் சாத்தப்பட்டிருந்தது. தஞ்சையில் கயிறு அறுந்த அதே 1808இல் சாமோனியைச் சேர்ந்த மரி பரதி என்ற பணிப்பெண் மோம் பிளாங் சிகரத்தை அடைந்தார். அவரை வழிகாட்டிகள் பாதி வழி இழுத்தும் சுமந்தும் சென்றார்கள் என்பதால் அவருடைய ஏற்றம் செல்லாது என்பாரும் உண்டு. முப்பது ஆண்டு கழித்து, 1838இல், உயர்குடிப் பெண்ணான ஆன்றியெத் தாஞ்செவில் தாமே வடிவமைத்த கால்சட்டையோடு ஏறினார். பணிப்பெண்ணை முதல் பெண்ணாகக் கொள்வதா, சீமாட்டியைக் கொள்வதா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. ஆல்பைன் கழகம் 1974 வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. பெண்கள் பொறுத்துப் பார்த்து 1907இல் தமக்கெனத் தனிக் கழகம் தொடங்கிக்கொண்டார்கள். 1874இல் தோன்றிய பிரெஞ்சு ஆல்பைன் கழகம் இவ்விஷயத்தில் மேல். தொடக்கம் முதலே பெண்களைச் சேர்த்தது.

உடையைப் பற்றிச் சொன்னதால் செருப்பையும் சொல்லிவிடுகிறேன். 1873இல் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றார். இந்தியர் இந்திய உடையில் வந்தால் காலணியைக் கழற்ற வேண்டும் என்பது அன்றைய வழக்கம். நீதிபதி அவரைத் தடுத்தார். பிள்ளை பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். விளையாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், அனுமதி என்பது பல நேரங்களில் கொள்கையாக வருவதில்லை, காலணியாக வருகிறது. பாறையேற்றத்தின் அடிமட்ட ரப்பர் காலணி இன்றும் ஒரு கூலித்தொழிலாளியின் பல நாள் ஊதியம். வாசலில் யாரும் தடுப்பதில்லை. காலில் உள்ளதைப் பார்த்து அவரே திரும்பிவிடுகிறார்.

தமிழகத்தில் ஏறும் தொழிலுக்கும் நுழையும் உரிமைக்கும் உள்ள முரணை இன்னும் கூர்மையாகக் காட்டுவது பனையேறிகளின் வரலாறு. தளைநாரைக் காலில் மாட்டி, பாளை அரிவாளும் கலயமுமாக ஒரு நாளில் பல பனைகளைக் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறவருக்கு நிகரான ஏற்றப் பயிற்சி உலகில் எந்த விளையாட்டு வீரருக்கும் இராது. ஆனால் பனையேறும் தொழிலே அவர்களுடைய தீட்டுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக 1897இல் எழுந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்ற சிறு குழுவில் தாழ்த்தப்பட்டோருடன் நாடார் ஒருவரும் இருந்தார். மரத்தின் உச்சிக்கு உரிமை உண்டு, கோயிலின் வாசற்படிக்கு இல்லை என்பது எத்தனை நூற்றாண்டு நீடித்தது!

கயிறு என்றதும் வீராம்பட்டினத்துக்காரர் நினைவுக்கு வருவது செங்கழுநீரம்மன் தேரின் வடம். ஆடி வெள்ளியில் நடக்கும் அந்தத் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைக்கும் வழக்கம் இருந்தது. விடுதலைக்குப் பின் துணைநிலை ஆளுநர்கள் அதைத் தொடர்ந்தார்கள். மீனவர் ஊரின் வடத்தை ஆட்சியாளர் தொடுவது அந்த ஊருக்குப் பெருமை. சிவகங்கைப் பக்கம் கண்டதேவியிலோ வடத்தைத் தொடும் உரிமைக்காகத் தலித் மக்கள் 1990களின் இறுதியிலிருந்து நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. வடத்தின் நீளம் எத்தனை முழமானாலும் யார் கை அதில் படலாம் என்பது தனிக்கணக்கு.

இவ்வளவும் மூடிய கதவின் வரலாறு. திறந்த கதவுகளின் வரலாறும் உண்டு. அதில் இரண்டு முறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் முறை நம்முடையது, மிகப் பழையது: பாறையில் படி வெட்டுவது, சங்கிலி பதிப்பது. இலங்கையின் சிவனொளிபாத மலையில் 1344இல் ஏறிய இப்னு பத்தூத்தா, யாத்திரிகர் பிடித்தேறுவதற்காகப் பாறையில் பொருத்தப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளை விவரிக்கிறார். சிவனின் பாதம், புத்தரின் பாதம், ஆதமின் பாதம் என்று மூன்று சமயத்தாரும் ஒரே சங்கிலியைப் பிடித்து ஏறினார்கள். திருச்சி மலைக்கோட்டையின் படிகளும், பழனியில் 1966இல் தொடங்கிய இழுவை ரயிலும் இந்த மரபின் பிள்ளைகளே. முதியவரும் குழந்தையும் நடக்க இயலாதவரும் உச்சியைக் காண வேண்டும் என்ற கருணை அதில் இருக்கிறது. குறையும் உண்டு. அது உச்சியை எல்லார்க்கும் தருகிறது, ஏறுதலைத் தருவதில்லை.

இரண்டாவது முறை, பாறையை மாற்றாமல் ஏறும் வழிகளை வகைப்படுத்துவது. பாரிசுக்குத் தென்கிழக்கே ஃபோந்தேன்புளோ காட்டில் ஆளுயரமும் அதற்கு மேலுமான மணற்பாறைகள் சிதறிக்கிடக்கின்றன. பாரிசிலிருந்து ரயிலில் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதால் ஆல்ப்ஸுக்குப் போக வசதியில்லாதவர்களும் அங்கே ஏறிப் பழகினார்கள். 1947இல் அங்கே முதல் வண்ணச் சுற்று வரையப்பட்டது. ஒரு பாறையில் சிறு அம்புக்குறியும் எண்ணும் தீட்டி, அடுத்த பாறைக்கு வழிகாட்டி, இப்படியே பல பாறைகளைத் தொடுத்துச் செல்லும் ஏற்பாடு அது. பிற்பாடு வண்ணங்கள் பெருகின: குழந்தைகளுக்கு வெள்ளை, தொடங்குவோர்க்கு மஞ்சள், பிறகு ஆரஞ்சு, நீலம், சிவப்பு, கறுப்பு. பெரும்பாறையின் ஒரு முகத்தில் தேர்ந்த வீரர் திணறிக்கொண்டிருக்க, மறுமுகத்தில் ஐந்து வயதுக் குழந்தை தன் வெள்ளை அம்பைத் தேடி ஏறும். யாருக்காகவும் பாறை செதுக்கப்படவில்லை. யாரிடமும் நீ வருமுன் இவ்வளவு தேறியிரு என்று சொல்லப்படவும் இல்லை.

1934இல் உருவான பிரெஞ்சுத் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பும் இந்த வரலாற்றில் இடம்பெற வேண்டும். மலையேற்றம் ஆலைத் தொழிலாளிக்கும் உரியது என்பதை அது கொள்கையாகவே வைத்திருந்தது. 1955இல் பொதுவுடைமைக் கட்சி நாளிதழான லுமானித்தேயின் ஆண்டு விழா மைதானத்தில் செயற்கை ஏறுசுவரை நிறுவிப் பாட்டாளிகளை ஏறச்சொன்னது. மலை மக்களிடம் வராவிட்டால் சுவரையாவது கொண்டுவருவோம் என்ற எளிய யோசனை. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குப் பெத்தாங் குண்டு விளையாட்டைக் கொண்டுவந்தார்கள், நீள ரொட்டியைக் கொண்டுவந்தார்கள். இதைக் கொண்டுவரவில்லை. 1954 நவம்பரிலேயே நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தியாவில் திருப்பம் 1953இல் தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். எவரெஸ்டிலிருந்து இறங்கிய பயணத்தில் ஹிலரிக்கும் தலைவர் ஹன்ட்டுக்கும் சர் பட்டம், டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு உச்சியில் நின்ற இருவருக்கு இரண்டு தராசு. ஆனால் இம்முறை கலாசியின் பெயர் உலகுக்குத் தெரிந்துவிட்டது. 1954இல் டார்ஜிலிங்கில் இமயமலையேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டபோது களப்பயிற்சியின் தலைமை டென்சிங்கிடம் வந்தது. சுமைகூலி ஆசிரியரானார். 1984இல் பச்சேந்திரி பால் எவரெஸ்டில் ஏறியது வரையிலான வரலாறு எல்லாரும் அறிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

என் பார்வையில் உண்மையான திருப்பம் நிகழ்ந்த இடம் எவரெஸ்ட் அன்று, ஐதராபாத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள போங்கீர். சாளுக்கியர் காலக் கோட்டையைத் தலையில் சுமந்த ஒற்றைப் பாறை அது, செஞ்சிக் குன்றுகளின் தூரத்து உறவு. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் சமூகநல உறைவிடப் பள்ளிகளில் பெரும்பாலும் தலித், பழங்குடிக் குழந்தைகள் படித்தார்கள். அப்பள்ளிகளின் செயலராக இருந்த காவல்துறை அதிகாரி ஆர்.எஸ். பிரவீண் குமார், 2013இல் மாணவர்களை அங்கே பாறையேறப் பயிற்றுவிக்க அனுப்பினார். பயிற்றுநர் சேகர் பாபு. பலரிலிருந்து சிலர் தேறி டார்ஜிலிங் சென்றார்கள், பிறகு லடாக்கின் குளிருக்கு. கடைசியில் இருவர்: நிஜாமாபாத் மாவட்டம் பாகலா கிராமத்துப் பழங்குடிச் சிறுமி மாலாவத் பூர்ணா, கம்மம் மாவட்டத்துத் தலித் மாணவர் ஆனந்த் குமார். 2014 மே 25 அன்று இருவரும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். பூர்ணாவுக்கு அப்போது வயது 13 ஆண்டு 11 மாதம். நேபாளத்தில் வயது வரம்பு இருந்ததால் திபெத் வழியே ஏறினார்கள்.

பதின்மூன்று வயதுக் குழந்தையைச் சாவின் விளிம்புக்கு அனுப்பலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நியாயமான கேள்வி, அந்த வயதில் எவரெஸ்ட் தேவையில்லை என்பதே என் கருத்தும். ஆனால் அந்தக் கேள்வியால் போங்கீரை மறைத்துவிடக் கூடாது. உறைவிடப் பள்ளிக் குழந்தைகளுக்கு அங்கே கிடைத்தது காலணி, தலைக்கவசம், கயிறு, பேருந்துக் கட்டணம், ஆசிரியர், கயிற்றின் மறுமுனையில் ஒரு தோழி. எல்லாம் இலவசம். உச்சியை எட்டாமல் போங்கீரோடு திரும்பியவர்களும் இதைப் பெற்றார்கள். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. பூர்ணாவைப் பற்றி 2017இல் ராகுல் போஸ் எடுத்தார். சிகரம் தொட்ட இருவருக்கும் தெலங்கானா அரசு தலா 25 லட்ச ரூபாய் அறிவித்தது. வெற்றிக்குப் பின் பரிசு தருவதில் நம் அரசுகள் தாராளமானவை. தோற்கும் வாய்ப்புள்ளவர்களுக்கு முன்கூட்டியே கயிறு வாங்கித் தருவது அரிது. போங்கீர் அந்த அரிய செயலைச் செய்தது.

கால் ஒன்று இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட பெங்களூர் வீரர் மணிகண்டன் குமார் 2012இல் பாரிசில் நடந்த மாற்றுத்திறனாளர் உலகப் பாறையேற்றப் போட்டியில் தங்கம் வென்றார். அவருக்கும் பின்னணியில் ஒரு பொதுச் சுவர் உண்டு: பெங்களூர் கண்டீரவா அரங்கின் ஏறுசுவர். நகரின் நடுவில், அரசு அரங்கில், பேருந்தில் போகும் தூரத்தில் உள்ள சுவர். அப்போட்டிகளில் உடற்குறையின் தன்மைக்கேற்பப் பிரிவுகள் உண்டு. பார்வையற்றவர்க்குக் கீழே நிற்கும் துணைவர் அடுத்த பிடி எங்கே என்று குரலால் வழிகாட்டுகிறார். ஃபோந்தேன்புளோவின் வண்ண அம்பு இங்கே குரலாகியிருக்கிறது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறையேற்றம் முதன்முறையாக இடம்பெற்றது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் பாராலிம்பிக்கில் மாற்றுத்திறனாளர் பாறையேற்றத்தைச் சேர்க்கும் முடிவு 2024இல் அறிவிக்கப்பட்டது.

தேனி மாவட்டத்தில் பிறந்து, கட்டடத் தொழிலாளியாகிச் சித்திரதுர்க்கத்துக்குப் போன ஜோதிராஜ் வேறொரு வகை. அவருக்கு யாரும் கயிறு தரவில்லை. குரங்குகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கோட்டைச் சுவரில் வெறுங்கையோடு ஏறினார். கன்னடத்தில் குரங்கு ராஜா என்று பெயர் வாங்கினார். பார்க்கிறவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டலில் ஷில்லாக் கலாசியின் எதிரொலி கேட்கிறது. உழைப்பாளி கயிறில்லாமல் ஏறினால் வேடிக்கை, வசதியுள்ளவர் கயிறோடு ஏறினால் விளையாட்டு. ஜோதிராஜின் திறனுக்கு ஈடான மரியாதை கைதட்டல் அன்று, ஒரு நல்ல கயிறு.

தமிழ்நாட்டுக்கு எவரெஸ்ட் செய்தி 2023 மே மாதத்தில் அடுத்தடுத்து வந்தது. விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி அம்மாதம் ஏறி, தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்டை எட்டிய முதல் பெண்ணானார். பயணச் செலவைத் திரட்ட அவர் அரசின் கதவையும் புரவலர் கதவையும் தட்ட வேண்டியிருந்தது. அதற்குச் சில நாள் முன்னர் ஏறியவர் ராஜசேகர் பச்சை. சென்னைக்குத் தெற்கே கோவளம் என்ற மீனவர் ஊரைச் சேர்ந்த அலைச்சறுக்குப் பயிற்றுநர். வீராம்பட்டினத்தைப் போன்றே பாறையில்லாத கரை அது.

கோவளம் கடற்கரையும், சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரையும் 2021இல் ஒரே நேரத்தில் நீலக்கொடிச் சான்று பெற்றவை. அந்தச் சான்றின் நிபந்தனைகளில் மாற்றுத்திறனாளிகள் மணலுக்கு இறங்கும் வழியும் ஒன்று. நல்ல எண்ணம் எங்கும் இருக்கிறது. சாய்தளம் இருக்கிறதா இல்லையா என்று ஒருவர் வந்து சரிபார்த்துக் கட்டத்தில் குறி போடும்போதுதான் அது சிமென்ட்டாக மாறுகிறது.

செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அங்கே ஆணியடித்துக் கயிறு மாட்ட முடியாது, கூடவும் கூடாது. ஆனால் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கோட்டையில்லாத குன்றுகள் எத்தனையோ நிற்கின்றன. அவற்றுள் சில கல்லுடைப்பில் கரைந்து லாரிகளில் போய்விட்டன. மீதமுள்ளவற்றில் ஒன்றில், கடற்கரை ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சனிக்கிழமை காலை பேருந்தில் போய் ஏறிப் பழகி மாலையில் திரும்ப, மாற்றுக் காலணி இருபது இணை, கயிறு நான்கு, தலைக்கவசம், பயிற்சி பெற்ற ஆசிரியர் இருவர் போதும். ஆசிரியர் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கயிற்றைக் காக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு நீலகிரியிலிருந்து தேனெடுக்கும் ஒருவரை, கூலிக்கு அன்று, ஆசிரியருக்குரிய சம்பளத்தோடு, பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதி அழைத்து வரலாம்.